அரைச் சைக்கிள் மாதிரி ஒரு போர்டு

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் விண்ட்சர்ஃபிங் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கும், கடல் விளையாட்டுகளுக்குப் பணம் ஒதுக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும்,

வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 46. ஏழு வருடமாக விண்ட்சர்ஃபிங் செய்கிறேன், அதாவது பாய்மரப் படகு மாதிரி பாய் கட்டிய போர்டில் நின்று கடலில் போய்வருகிறேன். மூன்று வருடமாக, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், எங்கள் பக்கத்து வடகடல் கரையில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டி எதிலும் கலந்துகொண்டதில்லை. ஆனால் கற்க வருகிறவர்கள் எந்த இடத்தில் மனம் விட்டுப்போகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நானே ஒருமுறை அப்படி விட்டுப்போனவள். அதனால்தான் இந்த மடல்.

என் முதல் வகுப்பு 35 வயதில் நடந்தது. எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். கையில் கொடுத்த போர்டு ஒடுக்கமானது. ஏறி நிமிரும் முன்பே உருண்டது. பாய் ஆறரை சதுர மீட்டர். சொல்லிக்கொடுத்த தம்பி கடலில் மிக நன்றாக ஓட்டுபவர், நல்ல மனதுக்காரர். கரையில் அரை மணி நேரம் மணலில் அம்புக்குறி போட்டு விளக்கினார். ‘ஷீட் இன்’, ‘பேர் அவே’, ‘ஹெட் அப்’ என்று அத்தனையும் ஆங்கிலச் சொற்கள். அப்புறம் தண்ணீருக்குள் இறங்கினோம். தண்ணீரில் படுத்துக் கிடக்கும் பாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டும். பாயின் மேல் நிற்கும் தண்ணீரின் எடையும் சேர்ந்து இழுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினைந்து, இருபது தடவை இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, உள்ளங்கை உரிந்தது.

ஒருவழியாகப் பாய் நிமிர்ந்து, காற்று பிடித்து, போர்டு கிளம்பியது. அந்தப் பத்து விநாடியை நான் இன்னும் மறக்கவில்லை. காலுக்கடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. மோட்டார் சத்தம் இல்லை, யாரும் தள்ளவில்லை, நான் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பத்தான் தெரியவில்லை. காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை விழுந்து எழும்போதும் கரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. கடைசியில் நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து என்னையும் போர்டையும் இழுத்துவந்து விட்டார். வரும் வழியில் அவர் கேட்டது: “ஏம்மா, காத்து வெளிய அடிக்கிறப்ப யாரு உங்கள எறங்கச் சொன்னாக? போறது லேசு. வர்ற வழி தெரியாம போகலாமா?”

அதற்குப் பிறகு நான்கு வருடம் போர்டைத் தொடவே இல்லை.

அந்த அண்ணன் கேட்டதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். போவதை எல்லோருமே சொல்லிக்கொடுக்கிறீர்கள். முதல் நாளே திரும்பிவரவும் ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை? பத்து மீட்டர் போய், நின்று, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால், அந்த ஆள் அடுத்த வாரமும் வருவார். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை. நூறு மீட்டர் போய்விட்டுப் படகில் இழுத்துவரப்பட்டவர் அநேகமாக மறுபடி வருவதில்லை.

எங்கள் தலைமுறை சைக்கிள் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருக்கும். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கென்றே அரைச் சைக்கிள் ஒன்று நிற்கும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுத்துப்போவோம். கால் தரையில் எட்டும் என்பதுதான் அதில் முக்கியம். பயம் வந்தால் காலை ஊன்றிக்கொள்ளலாம். அண்ணனோ மாமாவோ சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள். பிடியை எப்போது விட்டார்கள் என்றே நமக்குத் தெரியாது. பெரிய சைக்கிளை முதல் நாளே கையில் கொடுத்து மலையிறக்கத்தில் தள்ளிவிட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் இன்றைக்கு சைக்கிள் ஓட்டுவோம்?

விண்ட்சர்ஃபிங்குக்கும் அப்படி ஓர் அரைச் சைக்கிள் இருக்கிறது. 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அகலமான போர்டு. 200 லிட்டர் அல்லது அதற்கும் கூடுதல் கொள்ளளவு, அதனால் நின்றாலும் நடந்தாலும் லேசில் கவிழாது. மேலே மெத்தென்ற ரப்பர்ப் பரப்பு, முட்டி போட்டாலும் முழங்கால் உரியாது. நடுவில் டேகர்போர்டு என்று தண்ணீருக்குள் இறங்கும் ஒரு தகடு, அதை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகாது. அதோடு எடை குறைந்த துணிப் பாய். பெரியவர்களுக்கு மூன்று, மூன்றரை சதுர மீட்டர். பிள்ளைகளுக்கு ஒன்றரை, இரண்டு. இரண்டாவது தடவை நான் கற்றுக்கொண்ட இடத்தில் என்னை இப்படிப்பட்ட போர்டில்தான் ஏற்றினார்கள். முதல் அரை மணி நேரத்துக்குப் பாயே கொடுக்கவில்லை. போர்டின் மேல் நில், நட, முனைக்குப் போ, குதி, மறுபடி ஏறு, கையால் துழாவிக்கொண்டு கரைக்கு வா என்றார்கள். விழுவது விளையாட்டின் ஒரு பகுதி என்று உடம்புக்குப் புரிந்த பிறகுதான் பாய் வந்தது. ஒரு மணி நேரத்தில் போய்த் திரும்பிவந்தேன். என் உடம்பு அதேதான், வயது நான்கு கூடியிருந்தது. மாறியது போர்டும் பாயும் சொல்லிக்கொடுத்த முறையும் மட்டும்தான்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆறு நாட் காற்றில், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில், சிரித்துக்கொண்டே பாயைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணை 12 நாட் காற்று தூக்கியெறிந்துவிடும். பாய் அதேதான், கை அதேதான். “கொஞ்சம்தானே காற்று கூடியிருக்கிறது” என்று கரையில் நிற்பவருக்குத் தோன்றும். கடலில் நிற்பவருக்கு அது நான்கு ஆட்கள் சேர்ந்து இழுப்பது மாதிரி. தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரைத்தலை தெரிய ஆரம்பித்தால் புதியவர்களைக் கரைக்கு அழைத்துவிடுங்கள். அன்றைய காற்று உங்களுக்கானது, நீங்கள் போய் ஓட்டுங்கள்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1958-இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் ஒரு பலகையில் பாயைப் பொருத்தி ஓட்டினான். 1964-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி தன் மனைவி நயோமியுடன் சேர்ந்து பாய்ப்பலகை ஒன்றைச் செய்தார். அதை எப்படிச் செய்வது என்று 1965 ஆகஸ்ட் மாத ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் எல்லோருக்குமாக எழுதினார். கலிபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹாய்ல் ஷ்வைட்சரும் தங்கள் பாய்ப்பலகைக்கு 1968-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்தக் காப்புரிமை பிரிட்டனில் 1985-இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்தச் சிறுவனின் பலகை முன்பே இருந்தது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு பள்ளிக்கூடப் பையன் கிடைத்ததை வைத்துச் செய்து ஓட்டிய பொருள் இது. அதை வசதியானவர்களின் விளையாட்டு என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆரம்பகால போர்டுகள் 12 அடி நீளம், 27 கிலோ எடை. கனம்தான், ஆனால் குடும்பம் குடும்பமாக மக்கள் அதில் ஏறினார்கள். ஐரோப்பாவில் 1970-களின் கடைசியிலும் 80-களிலும் பெரிய அலையாகப் பரவியது. அப்புறம் வேகத்துக்காகவும் அலை தாண்டவும் போர்டுகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஓடாமல் நின்றால் ஆளோடு மூழ்கிவிடும் போர்டுகள்கூட வந்தன. தேர்ந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். புதிதாக வருகிறவர்களுக்குக் கதவு சாத்தியது மாதிரி ஆகிவிட்டது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அகலமான போர்டுகள் திரும்பி வந்த பிறகுதான் கற்பது மறுபடி எளிதானது. உலகம் ஒருமுறை இந்தத் தவறைச் செய்து, திருத்தியும்கொண்டது. நாம் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஆணையத்துக்கு நேராகவே சொல்கிறேன். விண்ட்சர்ஃபிங் 1984-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, பெண்களுக்கெனத் தனிப் பிரிவு 1992-இல் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐக்யூஃபாயில் வகைக்கு மாறிவிட்டார்கள். போர்டுக்கு அடியில் இறக்கை மாதிரி ஒரு ஃபாயில் இருக்கும். வேகம் பிடித்தால் போர்டு தண்ணீரை விட்டு மேலே எழும்பிப் பறக்கும். ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8. பார்க்கவே அற்புதமாக இருக்கும். ஆனால் அதன் ஃபாயில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். புதியவர்கள் நிற்க வேண்டிய இடுப்பளவுத் தண்ணீரில் அதற்கு இடமே கிடையாது. ஒலிம்பிக் வகை என்பதால் அதைத்தான் வாங்க வேண்டும் என்று யாராவது கோப்பு எழுதினால், ஒரு ஃபாயில் செட்டுக்கு ஆகும் பணத்தில் எத்தனை கற்கும் போர்டுகள் வாங்கலாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பதக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஈபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கியபோது எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அதே போட்டியில் நம் வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் பாய்ப்படகில் வெண்கலம் வாங்கினார். சென்னையின் நேத்ரா குமணன் பாய்ப்படகில் இரண்டு ஒலிம்பிக்கில் போட்டியிட்டுவிட்டார். ஆனால் பதக்கம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஹாங்காங் வரலாற்றிலேயே முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1996-இல் வென்றவர் லீ லாய் ஷான், விண்ட்சர்ஃபிங்கில். அவர் வளர்ந்தது சியுங் சாவ் என்ற சின்ன மீனவத் தீவில். அவருடைய மாமா அந்தக் கரையிலேயே ஒரு விண்ட்சர்ஃபிங் நிலையம் நடத்தினார். அங்கேதான் சிறுமியாகப் பழகினார். வீட்டுக்குப் பக்கத்தில் கரை, கரையில் போர்டு, சொல்லிக்கொடுக்க ஒரு மாமா. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை உள்ள நமக்கு, அதில் போர்டு வைக்கவும் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லையா?

சொல்லிக்கொடுக்கும் முறை பற்றிப் பயிற்றுநர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உங்களில் பலர் என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக ஓட்டுபவர்கள். நன்றாக ஓட்டுபவருக்கு ஒரு சிரமம் உண்டு. தான் எதையெல்லாம் யோசிக்காமல் செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. நான் தட்டுத்தடுமாறிக் கற்றவள், அதனால் ஒவ்வொரு படியும் எனக்கு நினைவிருக்கிறது.

முதல் வகுப்பில் கரையில் பேசுவதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரைச்சல் கேட்டால் முகம் காற்றுக்கு நேராக இருக்கிறது. அது போதும். காற்றுக்கு நேர் எதிரே, இரு பக்கமும் சுமார் 45 பாகை வரை போக முடியாது என்பதைக்கூட முதல் நாள் வாயால் சொல்ல வேண்டாம், போர்டு நின்றுவிடும்போது அவர்களே கேட்பார்கள்.

பாயைத் தூக்குவதில்தான் பாதிப் பேர் மனம் தளர்கிறார்கள். முதுகை வளைத்து இழுக்கக் கூடாது, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, உடம்பின் எடையைப் பின்னால் சாய்க்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இறைத்த கைகளுக்கு இது புரியும். கொஞ்சம் தூக்கியதும் நிறுத்திக் காத்திருங்கள். பாயின் மேலிருக்கும் தண்ணீர் வழிந்து போகட்டும். அதன் பிறகு தானாக லேசாகிவிடும். இந்த மூன்று விநாடிப் பொறுமையை யாரும் சொல்லிக்கொடுக்காததால்தான் என் உள்ளங்கை உரிந்தது.

பாய் நிமிர்ந்ததும் உடனே கிளம்பச் சொல்லாதீர்கள். காற்றுக்கு முதுகு காட்டி, மாஸ்டை, அதாவது பாய் கட்டிய கம்பத்தை, இரண்டு கையாலும் பிடித்து, பாய் எதிரே கொடி மாதிரி படபடக்க, போர்டு குறுக்கே இருக்க, அப்படியே நிற்கட்டும். இந்த நிலையில் ஆபத்து எதுவும் இல்லை. ஒரு நிமிடம் நின்று கரையைப் பார்க்கட்டும், மூச்சு விடட்டும். பிறகு இங்கிருந்தே திரும்பக் கற்றுக்கொடுங்கள். பாயைப் போர்டின் ஒரு முனைப் பக்கம் சாய்த்தால் போர்டு மெல்லச் சுழலும். மாஸ்டைச் சுற்றிச் சின்னச் சின்ன அடி வைத்து நடந்தால், முனை இருந்த இடத்துக்கு வால் வந்துவிடும். கிளம்புவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே, திரும்பத் தெரிந்துவிட்டது! நான் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் செய்யவைக்கிறேன். திரும்பத் தெரிந்த பிறகு கிளம்பும் ஆளின் முகத்தைப் பாருங்கள், பயம் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். பாயை விட்டுவிட்டால் போர்டு நின்றுவிடும். ஸ்கூட்டி கற்கும் பெண்கள் பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே பயத்தில் கையை விட்டால் போதும், எல்லாம் அடங்கிவிடும். இதைச் செய்து காட்டுங்கள், அவர்களையும் வேண்டுமென்றே பாயைப் போடச் சொல்லுங்கள். மாற்றுத் திட்டமும் முதல் நாளே பழகட்டும். பாயைப் போர்டின் பின்பக்கம் கிடத்திவிட்டு, அதன் மேலேயே படுத்து, கையால் துழாவி வரலாம். அதுவும் முடியாவிட்டால் போர்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் மெல்ல மேலும் கீழும் ஆட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். எந்த நிலையிலும் போர்டை விட்டு நீந்தக் கூடாது. போர்டுதான் உங்கள் படகு.

சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அண்ணனுக்கு இங்கே ஒரு கயிறு இருக்கிறது. எட்டு, பத்து மீட்டர் கயிற்றைப் போர்டில் கட்டி மறுமுனையை நீங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு இது. கிணற்றில் இடுப்புக் கயிறு கட்டி நீச்சல் பழகிய ஊர் நம்முடையது, கயிறு கட்டுவதை யாரும் கேவலமாக நினைக்கப்போவதில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்கள் ஒன்றைக் கண்டு ஆசைப்படுகிறார்கள். இந்தக் குறுகிய நிலத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, எங்கள் பேச்சில் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். வடக்கேயிருந்து வாடை வீசினாலும் தெற்கேயிருந்து சோளகம் வீசினாலும் ஏதாவது ஒரு பக்கம் தண்ணீர் தட்டையாக, கண்ணாடி மாதிரி கிடக்கும். பழகியவர்களுக்கு இதைவிடச் சொர்க்கம் வேறில்லை. ஆனால் தண்ணீர் தட்டையாகக் கிடப்பதற்குக் காரணமே அந்தப் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் வீசுவதுதான். கரையோரம் சாதுவாக இருக்கும், நூறு மீட்டர் தள்ளினால் காற்று கூடும், விழுந்தவரை வெளியே தள்ளிக்கொண்டே போகும். என்னைத் தள்ளிக்கொண்டு போனது இப்படிப்பட்ட அழகான தட்டைத் தண்ணீர்தான். அந்தப் பக்கம் புதியவரை இறக்குவதாக இருந்தால் கயிறு கட்டாயம், படகு கட்டாயம். காற்று கரையை நோக்கிச் சாய்வாக வீசும் நாளும் இடமும் கிடைத்தால் இன்னும் நல்லது, விழுந்தவர் தானாகக் கரை சேர்வார். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட வாரங்களில் காற்று தணிந்திருக்கும். அந்த நாட்களைக் காற்றில்லாத சீசன் என்று பூட்டிவைக்காமல் புதியவர்களுக்குக் கொடுங்கள். வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரமும் அப்படித்தான்.

மொழிக்கு வருகிறேன். எங்கள் கரையில் பாய் ஒரு பழைய பொருள். தொண்டிப் பக்கத்து ஊர்களில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. படகு கவிழாமல் இருக்க ஆட்கள் காற்றுப் பக்கம் உடம்பை வெளியே சாய்த்துத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விண்ட்சர்ஃபிங் ஒன்றும் அந்நியமாகத் தெரியாது. கொண்டல், கச்சான், சோளகம், வாடை என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் இருக்கிறது. பாயின் பின்பக்கத்துக் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் போய் ‘ஷீட் இன்’ என்று கத்துவானேன்? “பாயை இழு” என்றால் இழுப்பார்கள். “விடு” என்றால் விடுவார்கள். “மாஸ்டை முன்னால சாய்” என்றால் போர்டு காற்றை விட்டு விலகும், “பின்னால சாய்” என்றால் காற்றை நோக்கித் திரும்பும். நான்கு சொல்லில் முழு ஸ்டியரிங்கும் வந்துவிடுகிறது. பாயைப் பிடிக்கும் பூம், மாஸ்ட், போர்டின் அடியில் வால்பக்கம் இருக்கும் ஃபின் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பொருளின் பெயரைப் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். கட்டளை மட்டும் தமிழில் இருக்கட்டும். தண்ணீரில் தடுமாறும்போது மனம் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்காது.

பெண்கள் வருவதில்லை என்று சில பயிற்றுநர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வருகிறார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் முதலில் கேட்பது போர்டைப் பற்றியோ கடலைப் பற்றியோ அல்ல. “அக்கா, என்ன போட்டுக்கிட்டு வரணும்?” என்பதுதான் முதல் கேள்வி. முழுக்கை டீ-ஷர்ட்டும் லெகின்ஸும் போதும் என்று பதில் சொன்னதும் பாதித் தயக்கம் போய்விடும். துப்பட்டாவும் நீளமான தளர்ந்த துணியும் மட்டும் வேண்டாம், காலில் சுற்றும். லைஃப் ஜாக்கெட் பெண்கள் அளவில் நாலைந்து இருக்க வேண்டும். உடை மாற்ற நான்கு பக்கமும் மறைத்த ஓர் இடம் வேண்டும். தென்னங்கீற்று மறைப்புகூடப் போதும், எங்களிடம் அதுதான் இருக்கிறது. கழிப்பறை வேண்டும். யாரையும் கேட்காமல் போட்டோ எடுத்துப் போடாதீர்கள், ஒரு போட்டோவால் வீட்டில் சண்டை வந்து நின்றுபோன பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு பெண்ணாவது சொல்லிக்கொடுப்பவராக இருந்தால் தாய்மார்கள் தைரியமாக அனுப்புவார்கள்.

நீச்சல் தெரியாதவர்களையும் விரட்டிவிடாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில், ஜாக்கெட்டோடு, கயிறு கட்டி முதல் வகுப்பைச் செய்யலாம். அந்த ஒரு வகுப்பே அவர்களை நீச்சல் கற்க வைத்துவிடும். ஆனால் கயிற்றை அவிழ்ப்பது நீச்சல் தெரிந்த பிறகுதான். அதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

கரையில் ஏற்கெனவே இருப்பவர்களைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நண்டு வலை எங்கே போட்டிருக்கிறார்கள், எந்தத் தடத்தில் வள்ளம் வரும் என்று முதல் நாளே ஊர்க்காரர்களிடம் கேட்டு, இரண்டு மிதவை போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். வலை அறுந்தால் அது ஒரு குடும்பத்தின் வாரச் சம்பாத்தியம். பாக் விரிகுடாவின் அடியில் கடல்புல் மெத்தை இருக்கிறது, கடல்பசு மேயும் இடம். புல் இல்லாத மணல் திட்டாகப் பார்த்து வகுப்பை வையுங்கள், சிறிய ஃபின் போடுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அடியெடுத்து வைக்காமல் காலைத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். இதெல்லாம் எங்கள் மீனவப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்துப் பயிற்றுநர்களாக ஆக்குங்கள் என்பது ஆணையத்திடம் என் முதல் வேண்டுகோள். காற்றைப் படிக்க அவர்களுக்கு வகுப்பு தேவையில்லை. சொல்லிக்கொடுக்கும் முறையும் முதலுதவியும் கற்றுத்தந்தால் போதும். இரண்டாவது, கடலோர மாவட்டம் ஒவ்வொன்றிலும், தண்ணீர் ஆழமில்லாத ஒரு கரையில், அகலமான போர்டு ஆறும் பாய் பன்னிரண்டும் வையுங்கள். பாய்தான் இரட்டிப்பாக வேண்டும், ஆளுக்கு ஏற்ற அளவு கிடைக்க வேண்டும் என்பதால். சைக்கிள் கடை மாதிரி மணிக்கணக்கில் கொடுங்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காதீர்கள். நான் முதல் தடவை கட்டிய கட்டணம் எங்கள் கரையில் ஒரு நாள் கூலியைவிட அதிகம். அந்த விலையில் இது எங்கள் பிள்ளைகளின் விளையாட்டாக ஒருநாளும் ஆகாது. இவர்களில் வேகம் பிடித்தவர்கள் அடுத்த படிக்கு டெக்னோ 293 போர்டுக்குப் போகட்டும். இளையோர் ஒலிம்பிக்கில் பயன்பட்ட போர்டு அது, 205 லிட்டர், புதியவரையும் தாங்கும், போட்டிக்கும் போகும். ஃபாயில் அதற்கும் அப்புறம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மூன்றாவது வாரமாக வருகிறாள். இரண்டரை சதுர மீட்டர் பாய், ஆறேழு நாட் காற்று. கயிற்றின் நீளத்துக்குப் போவாள், பாயைச் சாய்ப்பாள், மாஸ்டைச் சுற்றி நடப்பாள், திரும்பி வருவாள். எட்டு தடவை விழாமல் போய்வந்தாள். ஒன்பதாவது தடவை என் பக்கத்தில் வந்து நின்று, “டீச்சர், கயித்த அவுங்க” என்றாள். அவளுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். காற்று கரையைப் பார்த்து வீசியது. அவிழ்த்தேன். மிதவை வரை போனாள், திரும்பினாள், வந்து மணலில் போர்டு தட்டும் வரை பாயை விடவில்லை. இறங்கியதும் பாயை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு போர்டு. அவளுக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள்.

இப்படிக்கு,
வடகடல் கரையிலிருந்து ஒரு டீச்சர்